காட்டோரக் காப்பித் தோட்டம்: தை மாதமே எல்லைப் புல்லை எரித்துவிடலாமா?

கீழ்மலைக் காப்பி (கேள்வி)

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி பக்கம் 6 ஏக்கர் பட்டா நிலம். உயரம் சுமார் 1,150 மீட்டர். காப்பி, ஊடே மிளகு, நிழலுக்கு சில்வர் ஓக்கும் பலாவும். கீழ் எல்லை 220 மீட்டர் நீளம். அதற்குக் கீழே காப்புக்காடு, சமவெளியைப் பார்த்து 25 முதல் 30 டிகிரி சரிவில் இறங்குகிறது. முழுக்க ஆள் உயரப் போதைப்புல் (எலுமிச்சைப்புல் வகை), நடுநடுவே உண்ணிச்செடி (லாண்டனா) புதர். எல்லைக் கல்லுக்கு மேலே எங்கள் பட்டாவிலும் 12 மீட்டர் அகலத்துக்கு அதே புல்தான். காப்பி அதற்கு மேலேதான் தொடங்குகிறது.

மாசி, பங்குனியில் கீழேயிருந்து தீ ஏறினால் முதலில் மாட்டுவது இந்த எல்லைதான். ஆகவே எங்கள் பக்கத்துப் புல்லைத் தை மாதத்திலேயே நாங்களே எரித்து வைத்துக்கொள்ளலாமா? சட்டப்படி யாரிடம் கேட்க வேண்டும்? எரிப்பதானால் எத்தனை ஆள், எவ்வளவு தண்ணீர், எந்த நேரம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முகட்டுக்காற்று

அனுமதியிலிருந்து தொடங்குகிறேன். எல்லைக் கல்லுக்குக் கீழே ஒரு அடி இடத்தில்கூட நீங்களாக வெட்டவோ எரிக்கவோ கூடாது. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். உங்கள் எல்லையை ஒட்டிய காடு 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வந்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். பட்டாவில் வைத்த தீ கல்லைத் தாண்டிவிட்டால் "என் நிலத்தில்தான் வைத்தேன்" என்ற பதில் எடுபடாது.

வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். புல எண், எரிக்கப்போகும் துண்டின் நீள அகலம், உத்தேசத் தேதிகள், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளரின் கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கட்டும். எரிக்கிற அன்று வனக்காப்பாளர் அல்லது தீத்தடுப்புக் காவலர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். அந்தப் பக்கம் துறை தன் தீத்தடுப்புக் கோட்டை (தீ தாண்டாதபடி புல்லை நீக்கிய பட்டையை) எந்த வாரம் போடுகிறது என்றும் விசாரியுங்கள். இரண்டு வேலையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து நடந்தால் உங்கள் துண்டும் அவர்கள் கோடும் சேர்ந்து ஒரே கோடாகிவிடும். இதைவிடப் பெரிய லாபம் உங்களுக்கு எதிலும் கிடையாது. தீயணைப்பு நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் முதல் நாளே தகவல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் அளவு. உங்கள் 220 மீட்டர் எல்லை மொத்தமும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். தீ பட்டாவிலா காட்டிலா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. முன்தகவல் இல்லையென்றால் ஆள் தேடி வருவார்கள், வரத்தான் வேண்டும்.

கங்கு

அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு வேலையைச் சொல்கிறேன்.

நிற்கிற புல்லில் தீ வைக்காதீர்கள். 30 டிகிரிச் சரிவில் ஆள் உயரப் போதைப்புல்லைக் கையால் யாரும் அடக்க முடியாது. சரிவு 10 டிகிரி கூடினால் மேலே ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சமதரையில் நிமிடத்துக்கு 5 மீட்டர் போகும் தீ 30 டிகிரியில் 40 மீட்டர் போகும். போதைப்புல்லில் எண்ணெய்ச் சத்தும் இருக்கிறது, பாதி பச்சையாக இருந்தாலும் பற்றும். ஆகவே முதலில் வெட்டு, பிறகு காய்ச்சல், கடைசியில்தான் நெருப்பு.

எல்லாம் அடங்குவது இந்த ஒரு வித்தியாசத்தில்தான்: தரையில் கிடக்கும் வெட்டிய புல் காய்ந்திருக்க வேண்டும், கோட்டுக்கு வெளியே நிற்கும் புல் இன்னும் பச்சையாக இருக்க வேண்டும். உங்கள் மலையில் வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்ந்ததும் இந்த நிலை சில வாரங்கள் இருக்கும். மார்கழிக் கடைசியில் வெட்டி, 12 முதல் 15 நாள் காயவிட்டு, தை முதல் பாதிக்குள் எரித்து முடித்துவிடுங்கள். மாசி பிறந்த பிறகு நிற்கும் புல்லும் வைக்கோலாகிவிடும். அப்புறம் ஒரு பொறி தாண்டினாலும் பிடிக்க முடியாது. அந்த ஆண்டு எரிக்காமல் விட்டுவிடுவதுதான் சரி.

12 மீட்டரில் 8 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து நான்கு விரல் உயரம் விட்டு அறுங்கள். மேல் ஓரம் ஒரு மீட்டர், கீழ் ஓரம் ஒரு மீட்டர் மண் தெரியச் செதுக்க வேண்டும். சருகும் மட்கும் போய் வேர் தெரிகிற அளவுக்குச் செதுக்குவது முக்கியம். மட்கை விட்டுவைத்தால் தீ அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து அந்தப் பக்கம் தலை தூக்கும். கீழ் ஓரத்தை வெறுமனே செதுக்கினால் போதாது. ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்காலாக வெட்டி, தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். எரியும் புல்தண்டும் உண்ணிக்கட்டையும் சரிவில் உருண்டு வந்து இந்த வாய்க்காலில்தான் விழும். வாய்க்கால் இல்லையென்றால் நேரே காப்புக்காட்டில் போய் விழும். உங்கள் எரிப்பில் தீ தப்புவதற்கான முதல் வழி இந்த உருளல்தான், காற்று அதற்குப் பிறகுதான்.

அறுத்த புல்லை நடுவே 4 மீட்டர் அகலத்துக்குப் பரப்புங்கள். முழங்காலுக்குக் கீழேயே உயரம் இருக்கட்டும், குவிக்க வேண்டாம். குவியலின் அடி காயாது, மேல்பகுதி மட்டும் ஆள் உயரச் சுடராக எழும், அடி இரண்டு நாள் புகைந்துகொண்டே கிடக்கும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை புரட்டிப் போடுங்கள்.

220 மீட்டரையும் ஒரே நாளில் எரிக்க நினைக்காதீர்கள். குறுக்கே ஒரு மீட்டர் செதுக்கி, 55 மீட்டர் வீதம் நான்கு துண்டாக்குங்கள். காலைக்கு ஒரு துண்டு. ஒரு துண்டுக்கு 8 பேர்: தீ வைப்பவர் ஒருவர், மேல் ஓரத்தில் இருவர், கீழ் ஓரத்தில் மூவர், ஓரங்களுக்கு வெளியே பொறி விழுகிறதா என்று நடந்து பார்க்க ஒருவர், எந்த வேலையும் செய்யாமல் காற்றையும் சுடரையும் மட்டும் பார்த்து "நிறுத்து" என்று சொல்ல ஒருவர். கடைசி ஆளைச் செலவு என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். அவர் கையில் மண்வெட்டி கொடுத்தால் அவர் பார்ப்பதை நிறுத்திவிடுவார். 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் நான்கு, மேல் ஓரத்தில் 200 லிட்டர் டிரம் இரண்டு, இரும்பு வாரி, மண்வெட்டி, ஈரச் சாக்கு. மருந்தடித்த தெளிப்பானைக் கழுவாமல் கொண்டுவர வேண்டாம். உடுப்பு பருத்தியாக இருக்க வேண்டும். நைலான் சட்டை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். செருப்பு கூடாது.

நாள் பார்ப்பது எப்படி என்றால், ஈரப்பதம் 45 முதல் 65 சதவீதம் இருக்கலாம். காற்று முகத்தில் தெரியலாம், இலை சலசலக்கலாம், சிறு கிளை விடாமல் ஆடினால் அன்று வேண்டாம். ஊரில் பார்த்த ஈரப்பதத்தை நம்பாமல் சரிவிலேயே வைத்து அளந்து பாருங்கள். குளிர்காற்று இரவில் கீழே வடிந்து பள்ளத்தில் தேங்கும், நடுச்சரிவு மட்டும் இரவெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும். உங்கள் எல்லை அப்படிப்பட்ட உயரத்தில்தான் இருக்கிறது. பள்ளத்தில் புல் நனைந்திருக்கும், உங்கள் புல்லில் பனியே இல்லாமல் போகலாம். விடியலில் நிற்கும் புல்லைத் தடவிப் பாருங்கள், கை நனையவில்லை என்றால் அன்று தீப்பெட்டியை எடுக்காதீர்கள். வெட்டிய புல்லை ஒரு கைப்பிடி எடுத்து முறுக்குங்கள். பட்டென்று ஒடிந்து தூளானால் மிகவும் காய்ந்துவிட்டது, வேகம் கூடும். நாராக வளைந்து மெதுவாக ஒடிந்தால் சரியான பதம்.

காலை ஆறேகாலுக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்குள் கடைசித் தீ வைத்தாக வேண்டும். அதுவரை குளிர்காற்று சரிவில் கீழ்நோக்கி வடியும், தீயும் மெதுவாகக் கீழே இறங்கும். வெயில் சரிவில் பட்டதும் காற்று நின்று, பிறகு மேல்நோக்கித் திரும்பும். அந்த நிற்கும் பத்து நிமிடத்தை அமைதி என்று நினைத்துவிடக் கூடாது, அதுதான் எச்சரிக்கை. கிழக்குப் பார்த்த சரிவென்றால் இது இன்னும் முன்னதாக வரும்.

முதலில் மேல் மூலையில் இரண்டுக்கு இரண்டு மீட்டர் சோதனைத் தீ வையுங்கள். சுடர் முழங்கால் உயரம் என்றால் தொடரலாம். இடுப்பைத் தொட்டால் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். கைக்கருவியால் அடக்கக்கூடிய எல்லை 1.2 மீட்டர் சுடர்தான் என்று தீயணைப்பில் கணக்கு வைத்திருக்கிறார்கள். சரிவில் அதற்குப் பாதியில் நின்றுகொள்வது நல்லது. பிறகு மேல் ஓரத்தை ஒட்டியே இரண்டு மூன்று மீட்டர் வீதம் வைத்துக்கொண்டு போங்கள். தீ தானாகக் கீழே இறங்கட்டும். இரண்டு மீட்டர் கரிந்ததும் அதற்கு ஒரு மீட்டர் கீழே அடுத்த வரிசை. கீழ் ஓரத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். இரண்டு முனையிலிருந்தும் இரண்டு பேர் வைத்துக்கொண்டு வந்து நடுவில் சேர்ப்பதும் வேண்டாம், இரண்டு தீ சேருமிடத்தில் சுடர் திடீரென்று இரட்டிக்கும். துண்டைச் சுற்றி வளைத்தும் வைக்காதீர்கள். முயலும் காட்டுக்கோழியும் ஓட ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். வைப்பதற்கு முன் ஒருமுறை தட்டிக்கொண்டே நடந்து வாருங்கள்.

பெட்ரோல் தெளித்துப் பற்றவைப்பது கூடவே கூடாது. எரியும் புல்லையே வாரியால் இழுத்துக்கொண்டு போனால் போதும்.

மலைமிளகு

கங்கு சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் இவருக்கு எரிப்பே தேவையா என்று யாரும் கேட்கவில்லையே.

ஒரு மீட்டர் சதுரத்தில் புல்லை அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். ஆள் உயரப் புல்லுக்கு ஒரு கிலோ அளவில் வரும் என்று வைத்துக்கொள்வோம். 220 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 1,760 சதுர மீட்டர். மொத்தம் ஒன்றே முக்கால் டன். 20 கிலோக் கட்டாகக் கட்டினால் 88 கட்டு. நான்கு பேர் இரண்டு நாளில் மேலே தூக்கிவிடுவார்கள். எரிப்பதானால் நான்கு காலை, காலைக்கு 8 பேர், அதற்குப் பிறகு நாள்கணக்கில் காவல். ஆள் கூலிக் கணக்கிலேயே தூக்குவதுதான் மலிவு. போதைப்புல் கூரை வேயவும் ஆகும், உரக்குழிக்கும் ஆகும். காப்பிக்கு மூடாக்காக (மண்ணை மூடும் தழையாக) போடுவதானால் கோட்டிலிருந்து 30 மீட்டராவது தள்ளி உள்ளே போடுங்கள். கோட்டோரமே போட்டால் தீக்கு விரிப்பு விரித்தது போலாகும்.

வனத்துறைக்குக் கிலோமீட்டர் கணக்கில் கோடு போட வேண்டியிருக்கிறது, அத்தனை புல்லையும் தூக்க வழி இல்லை, ஆகவே அவர்கள் எரிக்கிறார்கள். அந்தக் காரணம் 220 மீட்டருக்குப் பொருந்தாது.

இன்னொரு தொந்தரவும் உண்டு. எரித்த இடத்தில் அடுத்த தூறலுக்கே இளம்புல் துளிர்க்கும், அதைத் தேடிக் காட்டுமாடு வரும். காப்பிக்கு 12 மீட்டருக்குள் அதற்குப் பந்தி போட்டு வைப்பதா?

கங்கு

மலைமிளகு சொன்ன எடைக் கணக்கை மறுக்க வழியில்லை. 220 மீட்டருக்குத் தூக்குவதே மேல். என் பதிலைக் கட்டாயம் எரித்தே ஆக வேண்டிய இடத்துக்கு, அதாவது தூக்க ஆள் நடக்க முடியாத பாறைச் சரிவுக்கும் நீளமான கோட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் வேறுபடுகிறேன். "எரிக்க வேண்டாம், முழுக்கச் செதுக்கிவிடலாம்" என்று அடுத்து யாராவது சொல்வார்கள். 30 டிகிரியில் 8 மீட்டரும் மண் தெரியச் செதுக்கினால் சித்திரைக் கோடைமழையில் மேல்மண் முழுக்கக் கீழே போய்விடும். புல்லின் வேரும் நான்கு விரல் தட்டையும் இருக்கட்டும். மேலும் கீழும் ஒரு மீட்டர் மட்டும் செதுக்குங்கள், அதிலும் 15 மீட்டருக்கு ஒரு இடத்தில் குறுக்கே சின்ன மண்தடுப்பு வையுங்கள், தண்ணீர் வாய்க்காலிலேயே ஓட்டம் பிடிக்காது. மாசி நடுவில் ஒருமுறை மறுபடி அறுக்க வேண்டும். போதைப்புல் தூர் விட்டு எழும்பும் வேகத்துக்கு ஒரு அறுப்பு பங்குனி வரை தாங்காது.

இந்தக் கோட்டிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தரையோடு தவழ்ந்து வரும் தீயை 8 மீட்டர் நிறுத்தும். மதியக் காற்றோடு ஆள் உயரப் புல்லில் ஏறி வரும் தீயை நிறுத்தாது, பொறி பறந்து தாண்டிவிடும். அப்படிப்பட்ட தீக்கு முன்னால் வனத்துறை ஆட்கள் நின்று எதிர்த்தீ (வரும் தீக்கு எதிராக இந்தப் பக்கமிருந்து வைக்கும் தீ) வைக்க ஓர் ஓரம் வேண்டும், அந்த ஓரமாக இந்தக் கோடு பயன்படும். எதிர்த்தீ வைப்பது அவர்கள் வேலை, நீங்கள் முயல வேண்டாம். ஏறும் தீக்கு மேலே, சரிவில், கோட்டில் நின்று அடிக்கப் போகவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று போடி பக்கம் குரங்கணி மலையில் 23 பேர் இறந்தது இப்படிப்பட்ட காய்ந்த புல்சரிவில்தான். பத்திரமான இடம் ஏற்கெனவே கரிந்த நிலம், இல்லாவிட்டால் பக்கவாட்டில் விலகிப் போகும் பாதை. மேல்நோக்கி ஓடுவதும் ஓடைச் சந்துக்குள் இறங்குவதும் உயிருக்கு ஆபத்து. சந்து புகைபோக்கி போலத் தீயை இழுக்கும்.

கீழ்மலைக் காப்பி

கங்கு அண்ணே, மலைமிளகு அண்ணே, இருவருக்கும் நன்றி. எரிக்காமல் அறுத்துத் தூக்குவது என்று முடிவு செய்துவிட்டோம். சரகத்தில் மனுவும் கொடுக்கிறோம், துறை தன் பக்கம் கோடு போடும் வாரத்தைக் கேட்டு அதோடு சேர்த்துக்கொள்ள. இரண்டு சந்தேகம். எங்கள் பக்கத்து உண்ணிச்செடியை என்ன செய்வது? காப்பியின் முதல் வரிசைகளுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

மலைமிளகு

உண்ணிச்செடியை எரித்தால் அடிக்கட்டையிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மேலே வெட்டினாலும் அப்படியே. தண்டை ஓரடி விட்டு நறுக்கிவிட்டு, தூரைச் சுற்றி மண்ணைத் தள்ளி, தரைக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே ஆணிவேரைக் கொத்தால் வெட்டுங்கள். தூரைத் தூக்கி வேர்ப்பக்கம் வானத்தைப் பார்க்கத் தலைகீழாக வையுங்கள். துளிர்விடும் கண் எல்லாம் தண்டும் வேரும் சேருகிற அந்த முடிச்சில்தான் இருக்கிறது, அதற்குக் கீழே உள்ள வேர் துளிர்க்காது. மண்வெட்டியால் ஒரே இழுப்பாகப் பிடுங்கினால் முடிச்சில் பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், வேலை வீண். காய் கறுப்பதற்கு முன் செய்தால் விதை கொட்டாது. அடுத்த மழைக்கு நாற்று முளைக்கும், இரண்டு மூன்று வருடம் கையால் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் ஏதாவது புல் மூடினால் உண்ணி திரும்ப வராமல் தாமதப்படும், வெறும் மண்ணாக விட்டால் அதுதான் முதலில் வரும்.

காப்பிக்கு: முதல் இரண்டு வரிசையில் சருகு, மூடாக்கு எதுவும் இருக்கக் கூடாது. காப்பியின் உறிஞ்சு வேர் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கிறது. மேலே தழை கருகாமல் இருந்தாலும் சருகு அரை மணி நேரம் புகைந்தாலே வேர் வெந்துவிடும், செடி இரண்டு மாதம் கழித்துக் காய்ந்து நிற்கும்போதுதான் தெரியும். ஓரத்து சில்வர் ஓக்கில் மூன்று மீட்டர் உயரம் வரை பக்கக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். கழித்ததைக் கோட்டில் போடாதீர்கள், இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேல்மலைப் பூண்டு

இதே கேள்வி, வேறு உயரம். பூம்பாறைக்கு அப்பால், 1,900 மீட்டருக்கு மேல், 2 ஏக்கர் பூண்டு நிலம். ஒரு பக்கம் பழைய பைன் தோப்பு, இன்னொரு பக்கம் வாட்டில் (ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், நீலகிரிக்காரர்கள் சீகை என்பார்கள்) புதர், மேலே கொஞ்சம் புல்வெளி. வாட்டில் பரவிக்கொண்டே வருகிறது. எங்கள் பட்டாவுக்குள் வந்துவிட்ட வாட்டில் கன்றுகளை ஒரே எரிப்பில் ஒழிக்கலாம் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். சரியா?

சோலைப்புல்

தவறு, அக்கா. வாட்டிலை எரிப்பதைப் போல வாட்டிலுக்கு நன்மை வேறு இல்லை. அதன் விதைக்குக் கெட்டித் தோல். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். சூடு பட்டால்தான் அந்தத் தோல் வெடித்து மொத்தமாக முளைக்கும். நிற்கிற நூறு கன்று கருகும், அடுத்த மழையில் ஆயிரக்கணக்கில் நாற்று வரும், தலைமயிர் போல அடர்த்தியாக. வெள்ளி நிற இலை வாட்டிலாக இருந்தால் வேரிலிருந்தும் பக்கக்கன்று கிளம்பும். உதகைப் பக்கத்து ஸ்காட்ச் ப்ரூம், கார்ஸ் முள்செடி இரண்டுக்கும் தீ இப்படித்தான் உதவுகிறது.

கன்று முழங்காலுக்குக் கீழே இருக்கும்போது, மண் நனைந்திருக்கும் ஐப்பசி கார்த்திகையில் வேரோடு பிடுங்குங்கள். காய்ந்த மண்ணில் பிடுங்கினால் தண்டு அறுந்து மறுபடி துளிர்க்கும். கட்டைவிரல் கனத்துக்கு மேலே போய்விட்டால் தரையோடு அறுத்து, அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பட்டையை வேர் வரை உரித்துவிடுங்கள். பெரிய மரத்தைத் தொடுவதற்கு முன் ஒன்று: மலைப்பகுதியில் பட்டா மரமானாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். இன்னொன்று: பழைய வாட்டில் நிழலுக்கடியில் சோலை (மேல்மலையின் இயற்கைக் காடு) மரக் கன்றுகள் தானாக முளைத்திருப்பதைப் பழனி மலையில் பல இடங்களில் பார்க்கலாம். அப்படி இருந்தால் மரத்தை மொத்தமாகச் சாய்க்காதீர்கள். திடீர் வெளிச்சம் வந்தால் சோலைக் கன்று பட்டுப்போகும், வாட்டில் நாற்று எழும்பும்.

பைன் பக்கம் பிரச்சினை வேறு. ஊசிச்சருகு மெத்தையாகக் கிடக்கும், மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருக்கும். தீ மேலடுக்கைத் தின்றுவிட்டுப் போய்விட்டது என்று நினைப்போம், அடியடுக்கு காய்ந்ததும் இரண்டு நாள் கழித்து அங்கிருந்தே கிளம்பும். அதைவிட மோசம் பைன் காய். செதில் விரிந்த காய் தீப்பிடித்தால் கங்கு உருண்டை போலச் சரிவில் துள்ளித் துள்ளி உருளும், உருளும் வேகத்தில் காற்று பட்டு இன்னும் சிவக்கும். செதுக்கிய தரையில் அது நிற்கவே நிற்காது, குதித்துத் தாண்டிப் போய் ஐம்பது அடிக்குக் கீழே உள்ள புல்லில் நின்று பற்றவைக்கும். ஆகவே பைன் தோப்புக்குக் கீழே உங்கள் பூண்டு நிலம் இருந்தால், ஓரத்தில் முழங்கால் ஆழ வாய்க்காலும் கீழ்ப்பக்க மண்வரப்பும் கட்டாயம். தோப்பு உங்களுடையதில்லை என்றால் உள்ளே போய்ச் சருகு வார வேண்டாம். உங்கள் வேலிக்கு உள்ளே 5 மீட்டருக்கு ஊசியும் காயும் இல்லாமல் மாசி முதல் சித்திரை வரை வாரம் ஒருமுறை வாரிக்கொண்டே இருங்கள்.

புல்வெளியைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். மேல்மலைப் புல்வெளியைக் காடு அழிந்து வந்த தரிசு என்று நினைப்பவர்கள் அதிகம். நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் உள்ள பீட் (பாதி மட்கிய செடி) படிவுகளை ஆராய்ந்ததில் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. நம் எல்லையை அடுத்த இரவிகுளத்தில் முத்துவர் பழங்குடியினரைக் கொண்டு கேரள வனத்துறை புல்வெளியைத் துண்டு துண்டாக, சுழற்சி முறையில் எரித்துவருகிறது, வரையாட்டுக்கு இளம்புல் கிடைக்கவும் பெருந்தீ வராமலும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் ஆண்டின் தொடக்கத்திலேயே மெல்லிய சருகுத்தீ வைத்துவந்தார்கள், அது தடைபட்ட பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்று சொல்கிறார்கள். தீ என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. வாட்டில் விதை விழாத சுத்தமான புல்வெளிக்கு அது ஒத்துவரும். உங்கள் இடத்தில் மண் முழுக்க வாட்டில் விதை. இரண்டும் ஒன்றல்ல. புல்வெளி நடுவே தனியாக நிற்கும் காட்டுப்பூவரசு (ரோடோடெண்ட்ரான்) கனத்த பட்டையால் தீயைத் தாங்கும், சோலை ஓரத்து இளங்கன்று தாங்காது. சோலை ஓரத்தில் யார் தீ வைக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மேல்மலைப் பூண்டு

தெளிவாகிவிட்டது தம்பி, எரிப்பதில்லை. ஐப்பசியில் பிடுங்க ஆள் சொல்லிவைக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் போன வாரம் பூண்டுத் தாளையும் பைன் ஊசியையும் சேர்த்து எரித்தார். அணைந்துவிட்டது என்கிறார். எதை வைத்து நம்புவது?

கங்கு

கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், புறங்கையால் பாருங்கள். சாம்பலுக்கு ஒரு விரல் உயரத்தில் புறங்கையை வைத்து ஓரம் முழுக்க நகர்த்திக்கொண்டே போக வேண்டும். உள்ளங்கை காய்த்திருக்கும், சூடு தெரியாது. வெதுவெதுப்பு தெரிகிற இடத்தைக் கிளறி, தண்ணீர் ஊற்றி, மண்ணோடு குழப்பி, மறுபடி ஊற்றுங்கள். மேலே ஊற்றிவிட்டுப் போனால் மேற்சாம்பல் சேறாகி மூடிக்கொள்ளும், உள்ளே கங்கு பத்திரமாக இருக்கும்.

ஓரத்திலிருந்து உள்ளே 10 மீட்டர் வரை இப்படிப் பாருங்கள். முக்கியமாக அடிக்கட்டை, பொந்து மரம், செத்த வேர், காய்ந்த சாணி. மாட்டுச் சாணியும் காட்டுமாட்டுச் சாணியும் வெளியே சாம்பல் நிறமாகச் செத்துப்போனது போலத் தெரியும். குச்சியால் பிளந்தால் உள்ளே செக்கச் சிவந்த கங்கு இருக்கும். இரண்டு நாள் தாங்கும். எரித்த அன்று மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, அடுத்த மூன்று நாளும் அதே நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். காலையில் பார்ப்பதில் பயன் இல்லை, காற்று எழும் நேரத்தில்தான் ஒளிந்திருப்பது புகையும். பைன் ஊசி கலந்து எரித்திருக்கிறார் என்பதால் ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழ்மலைக் காப்பி

கடைசியாக ஒன்று. சில்வர் ஓக் சருகை வார முதுகில் மாட்டும் ப்ளோயர் வாங்கலாம் என்று இருக்கிறோம். உபயோகப்படுமா?

மலைமிளகு

சருகுக்கு நல்ல கருவி. வாரியால் அரை நாள் ஆகும் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். வெட்டிய புல்லைத் தள்ளாது, அதற்கு வாரிதான். சருகை மேல்நோக்கி, தோட்டத்தின் உள்பக்கமாக ஊதிக் குழியில் தள்ளுங்கள். கீழ்நோக்கி ஊதினால் காப்புக்காட்டு ஓரத்தில் குவித்ததாகிவிடும். பெட்ரோல் நிரப்பும்போது எஞ்சினை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, செதுக்கிய மண்ணில் வைத்து நிரப்புங்கள், சருகின் மேல் வைத்து வேண்டாம். கங்கு இருக்கக்கூடிய இடத்துக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது.